பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி

சக்கர நாற்காலிக்கு மணல் ஆகாது. விளையாட்டுத் திடல் என்றாலே எல்லோருக்கும் மணல்தான் நினைவுக்கு வருகிறது. பெற்றோர் சங்கக் கூட்டத்திலும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். நாற்காலியின் முன்சக்கரம் சிறியது. மணலில் இரண்டு விரற்கடை புதைந்தால் போதும், பின்னாலிருந்து யார் தள்ளினாலும் வண்டி மூக்குக் குத்தி நின்றுவிடும். மரத்தூளும் அப்படித்தான். செம்மண் கல்லைப் பொடியாக்கிக் கொட்டி, நனைத்து, உருளை ஓட்டி இறுக்கினால் மழை பெய்த மறுநாளும் தடம் பதியாது. மெர்போக்கில் நான் போட்ட பாதையில் நீங்கள் நடந்தீர்கள், இன்ஸ்பெக்டர் மனோகரன். உங்கள் சப்பாத்தில் மண் ஒட்டியிருக்காது.

ஏப்ரலில் நீங்கள் என் வாக்குமூலத்தை எடுத்தபோது கேட்டவற்றுக்குப் பதில் சொன்னேன். கேட்காதவற்றைச் சொல்லவில்லை. வரும் புதன்கிழமை பிரேமாவதியை நீதிமன்றத்தில் நிறுத்தப்போகிறீர்கள் என்று அவருடைய கணவர் சுகுமாரன் வந்து சொன்னார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தவரின் கவனக்குறைவால் மரணம் என்று குற்றச்சாட்டாம். அதற்கு முன்பே இந்தத் தாள்கள் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். முப்பது வருடம் வரைபடம் போட்ட கை இது. எழுத்து தெளிவாகவே இருக்கும்.

என் பெயர் ஏசுதாசன், வயது அறுபத்தொன்று. பாக்கார் ஆராங்கில் வரிசை வீடு. பிறந்தது மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டம். அது துண்டு துண்டாக விலைபோய் இப்போது பாதி செம்பனை, பாதி வீட்டுமனை. மனைவி அகத்தா நான்கு வருடத்துக்கு முன்பு இறந்துவிட்டாள். எங்கள் ஒரே மகள் ஜானிஸ், பன்னிரண்டு வயது, ஏப்ரல் முதல் சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அந்தத் திடலின் குளத்தில் இறந்தாள். இவை எல்லாம் உங்கள் கோப்பில் இருக்கின்றன.

ஜானிஸ் பிறக்கும்போதே மூளைக்கு மூச்சு போதாமல் பிறந்தவள். கால்கள் நிற்காது. இடது கை மட்டும் அவள் சொன்னபடி கேட்கும். பேச்சு பதினான்கு சொற்கள். அகத்தா உயிரோடு இருந்தபோது அவற்றை ஒரு நாட்குறிப்பில் எழுதிவைத்தாள், ஒவ்வொரு சொல்லும் வந்த தேதியோடு. அம்மா, அப்பா என்பவை பின்பாதிதான் வரும்: ம்மா, ப்பா. முழுதாக வந்த முதல் சொல் 'தொற'. இரண்டாவது 'அடை'.

இந்த இரண்டு சொற்களையும் கொஞ்சம் விளக்க வேண்டும். நீங்கள் ஈப்போக்காரர் என்றாலும் இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் ஊரில் விளக்கைத் திறப்போம், விசிறியை அடைப்போம். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பாதிரியார் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது அகத்தா, "ஃபாதருக்கு பேன தொறங்க" என்றாள். அவர் மேலே பார்த்துவிட்டு, "விசிறிக்கு ஏதும்மா கதவு?" என்று கேட்டார். நாங்கள் மூவரும் சிரித்தோம். ஜானிஸும் சிரித்தாள். அவளுக்குத் 'தொற' என்றால் தொடங்கு, ஓடு, வேண்டும். 'அடை' என்றால் நிறுத்து. மாவரைக்கும் இயந்திரத்துக்கும் அடை, காய்ச்சல் மருந்துக்கும் அடை. இடி இடித்தால் கூரையைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அடை அடை என்பாள். இடி கேட்காது. அது ஓயும்வரை என் சட்டையைப் பிடித்திருப்பாள்.

சுங்கை பட்டாணியில் சிறப்புப் பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். அதில் ஒரு குடும்பம் மெர்போக்கில் ஒன்றரை ரெலோங், ஏறக்குறைய ஓர் ஏக்கர், நிலத்தைத் திடலுக்கென்று கொடுத்தது. ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், பழைய தோட்டத்து ஆலைக்குத் தண்ணீர் எடுத்த ஒரு குளம், மற்றதெல்லாம் லாலாங் புல். நான்தான் வரைந்தேன். கடையில் விற்கும் பிளாஸ்டிக் சறுக்குமரம் எதுவும் வேண்டாம் என்றேன். நடக்கிற பிள்ளைக்கு மரம், மண், தண்ணீர் எல்லாம் கிடைக்கிறது. நடக்காத பிள்ளைக்கு அவற்றை ஜன்னல் வழியாகத்தான் காட்டுகிறோம். அதனால் எல்லாவற்றையும் நாற்காலியின் உயரத்துக்குக் கொண்டுவந்தேன். செராய்ப் புல்லும் பாண்டான் இலையும் கைப்பிடி உயரப் பாத்திகளில் வளர்ந்தன. கசக்கி மோந்து பார்க்கலாம். பழைய ரப்பர்ப் பால் மங்குகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டேன். கை பட்டால் போதும், மணிபோல் அடிக்கும். மரத்தைச் சுற்றி ஒரு ஏறுபாதை. குளத்துக்கு ஓர் இறங்குபாதை, அதன் முடிவில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே விரலால் தண்ணீரைத் தொடலாம்.

இரண்டும் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி சரிவு. அதைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது விதி. நான் விதியை மீறவில்லை. குளத்துப் பாதையின் முடிவில் சக்கரம் தாண்டாதபடி ஒரு வன்மரக் கட்டை, ஒரு சாண் உயரம், நான்கு போல்ட். வரைபடத்தில் அதைச் சிவப்பில் போட்டிருந்தேன்.

மரவேலை அய்யாவு செய்தார். எழுபதை நெருங்குகிறவர், தோட்டத்தில் என் அப்பாவோடு பால் வெட்டியவர். வாரத்தில் நான்கு நாள் நான் ஜானிஸையும் அவளைப் பார்த்துக்கொள்ளும் பிரேமாவதியையும் திடலுக்கு அழைத்துப் போவேன். ரம்பம் ஓடத் தொடங்கியதும் ஜானிஸ் நடுங்குவாள். "அடை" என்பாள். அய்யாவு உடனே ரம்பத்தை நிறுத்திவிட்டுத் தலையில் கட்டிய துண்டை அவிழ்ப்பார்.

"அடச்சிட்டேன் முதலாளியம்மா. சம்பளத்த புடிச்சிராதீங்க."

"புடிப்பா, புடிப்பா" என்பார் பிரேமாவதி. "நீங்க காலையிலேருந்து ரெண்டு கட்டதான் அறுத்திருக்கீங்க தாத்தா. மிச்ச நேரமெல்லாம் கோப்பிக் கடையில."

"ஏம்மா, கோப்பி குடிக்காம கட்ட எப்படிம்மா நேரா வரும்?"

ஜானிஸ் சிரித்து முடித்த பிறகு, பிரேமாவதி நாற்காலியை மரத்தின் அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போன பிறகுதான் அய்யாவு ரம்பத்தை மறுபடி ஓட்டுவார். ஒருநாளும் அவளை இரண்டாம் முறை சொல்ல வைத்ததில்லை. வேலை தாமதமாகிறதே என்று நான் ஒரு தடவை சொன்னேன். "பயந்த புள்ள சொல்லுது தம்பி, கேட்டா என்னா கொறஞ்சிரும்" என்றார்.

இப்போது என் பயத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது இல்லாமல் மற்றது உங்களுக்குப் புரியாது.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தின வாரம் மாடிப்படியில் மூச்சு நின்று நின்று வந்தது. இதயத்துக்குப் போகும் மூன்று குழாய்களில் அடைப்பு என்றார்கள். அறுவை செய்யலாம், செய்தாலும் உறுதியில்லை, செய்யாவிட்டாலும் கொஞ்ச காலம் ஓடலாம் என்றார் மருத்துவர். நான் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஜானிஸைக் குளிக்கத் தூக்கினேன். அவள் கனத்திருந்தாள். வளர்கிற பிள்ளை. தூக்கி நிற்கும்போது, இப்போது இந்த நொடியில் நான் விழுந்தால் இவள் என் கீழே கிடப்பாள், யாராவது கதவைத் தட்டும்வரை கிடப்பாள் என்று தோன்றியது. அன்றிலிருந்து அது விடவில்லை. பல் தேய்க்கும்போதும் பூசையில் வாசகம் வாசிக்கும்போதும் அவள் என் கீழே கிடந்தாள்.

நான் பொறுப்பாகத்தான் நடந்துகொண்டேன். அலோர் ஸ்டாருக்குப் போய் மெர்கோங் பக்கத்தில் ஓர் இல்லத்தைப் பார்த்தேன். பெயர் எழுத விரும்பவில்லை. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. சுத்தமாக இருந்தது. டெட்டோல் வாசனை. பதினைந்து பதினாறு வயதுப் பெண் ஒருத்தி கட்டிலில் கிடந்தாள். இரண்டு மணிக்கட்டும் மெத்தென்ற துணியால் கம்பியில் கட்டியிருந்தது, கன்னத்தைப் பிறாண்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக. "இது நல்ல புள்ள சார், சத்தமே போடாது" என்றார் தாதி. அவளுக்கு நேர்மேலே விசிறி நின்றுபோய் இருந்தது. அந்தப் பெண்ணின் கண்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன, விசிறி ஓடுகிற மாதிரி, வட்டமாக. நான் கார் நிறுத்திய இடத்துக்கு வந்து வெகுநேரம் சாவியைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தேன். வெயில் உச்சியில் இருந்தது, எனக்குக் குளிர்ந்தது.

அந்தப் பயம் முழுக்க என்னுடையது. ஜானிஸுக்கு நாளை என்ற ஒன்று தெரியாது. அவளுக்குப் பயப்படத் தெரியாது என்று அப்போது நினைத்தேன். அவளுக்காகப் பயப்படுகிற வேலையை நான் ஒருவனே செய்துகொண்டிருந்தேன், நான் போனால் அந்த வேலையும் அவள் தலையில் விழும். இப்படித்தான் ஒவ்வொன்றாக யோசித்தேன். அவசரப்படவில்லை.

வேறு வழி இருந்ததா என்று கேட்பீர்கள். பிரேமாவதி ஒரு தடவை சொன்னார், அதை மறைக்கவில்லை. பிப்ரவரியில், எங்கள் சமையலறையில், ஜானிஸுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே. என் மருந்துப் பெட்டியைப் பார்த்திருந்தார்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. ஒங்களுக்கு ஏதாச்சும் ஆனா இவ எங்க வீட்டுக்கு வந்துரட்டும். நானும் அவரும் பேசிட்டோம். கீழ் ரூம கிளீன் பண்ணிட்டாரு. எங்களுக்கும் யாரு இருக்கா?"

நான் மருந்துப் பெட்டியை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். அவர் ஜானிஸ் பக்கம் திரும்பினார்.

"என்னாடி, வர்றியா? ஒங்க வீட்டு பேன் கெழவன் மாதிரி சுத்துது. எங்க வீட்டு பேன் தொறந்தா நீ பறந்துருவ."

"தொற" என்றாள் ஜானிஸ், கஞ்சி வழிய. பிறகு, "ம்மா" என்றாள்.

அகத்தா இறந்த பிறகு அந்தச் சொல்லை அவள் சொல்லிக் கேட்டதில்லை. பிரேமாவதி வாயைத் துடைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் கிண்ணத்தைக் கழுவப் போனார். மனிதர்கள் நல்ல மனநிலையில் இப்படிச் சொல்வது வழக்கம். சொன்னதை வைத்து ஒரு பிள்ளையின் வாழ்நாளைக் கணக்கிட முடியாது. அதனால் அதை நான் ஒரு வழியாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது படித்துப் பார்க்கும்போது அந்தக் கீழ் அறையை நான் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை என்பது தெரிகிறது. மெர்கோங்குக்கு ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிப் போனேன். சுகுமாரன் வீடு எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெரு.

வெள்ளிக்கிழமை மாலை அய்யாவு வீட்டுக்குப் போன பிறகு குளத்துப் பாதையின் முடிவிலிருந்த கட்டையைக் கழற்றினேன். நான்கு போல்ட், அரை மணி நேரம். சனிக்கிழமை காலையில் அவர் வந்து பார்த்துவிட்டு, "கட்டைய என்னாத்துக்கு தம்பி கழட்டுனீங்க?" என்றார். போல்ட் துருப்பிடிக்கிற ரகம், வேறு வாங்க வேண்டும் என்றேன். அவரையே சுங்கை பட்டாணிக்கு அனுப்பினேன். போய்வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவர் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டு மறுபடியும் அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். உங்களிடம் அவர் இதைச் சொல்லவில்லை என்றால், என்மீது வைத்த மரியாதையால்தான். அவர்மீது குற்றம் இல்லை.

ஜானிஸின் இடுப்பு வாரை அன்று நானே மாட்டினேன். வழக்கத்தைவிட ஒரு துளை உள்ளே. சரிவில் இறங்கும்போது முன்னால் சாயாமல் இருக்க வேண்டும் என்று பிரேமாவதியிடம் சொன்னேன். சரியான காரணம்தான்.

பிரேமாவதி அவளைத் தள்ளிக்கொண்டு சரிவின் மேல்முனைக்கு வந்தார்.

"ஏய் ஜானிஸ், ஒங்கப்பா ஒனக்குன்னே ஹைவே போட்டிருக்காருடி. மூஞ்சிய பாரு, பெரிய எடத்து டத்தினம்மா மாதிரி உக்காந்திருக்கா."

நான் நாற்காலிக்கு முன்னால், சரிவில், அவளைப் பார்த்தபடி நின்றேன். இரண்டு கைப்பிடிகளையும் பிடித்திருந்தேன். முன்சக்கரங்கள் சரிவில் இறங்கியிருந்தன. பிரேக் போட்டிருந்தது. சாய்வை அளக்கப்போகிறேன் என்று சொன்னேன்.

"பிரேமா, பிரேக்க அடைச்சிட்டுப் போயி, கார்ல டேப்பு இருக்கு, எடுத்துட்டு வாம்மா."

"நீங்க புடிச்சிருக்கீங்கதானே?"

"புடிச்சிருக்கேன்."

நெம்புகோல் பின்னால் போகிற சத்தம் கேட்டது. "அடச்சிட்டேண்ணே" என்றார். அவர் திரும்பி நடந்தார். நான் கைகளை எடுத்துவிட்டு ஓர் அடி ஒதுங்கினேன்.

அதற்குப் பிறகு நான் உங்களிடம் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். அடை என்றால் எனக்கு மூடு, இறுக்கு என்று பொருள். குழாயை அடைப்பது போல, வால்வை அடைப்பது போல. முப்பது வருடம் வரைபடத்தில் அப்படித்தான் எழுதினேன். கோயிலில் வேதாகமம் வாசிக்கிறவன், வீட்டிலும் கொஞ்சம் நூல்தமிழ் பேசுகிறவன் என்று எல்லோருக்கும் தெரியும். பிரேமாவதிக்கு அடை என்றால் விசிறியை அடைப்பது. அவர் பிரேக்கை எடுத்துவிட்டார், நான் பிரேக் போட்டாகிவிட்டது என்று நினைத்துக் கையை எடுத்தேன். உங்கள் சார்ஜன்ட் மலாயில் எழுதும்போது இரண்டு இடத்திலும் 'துத்துப்' என்றே எழுதினார். அந்தச் சொல்லுக்கும் அதே இரண்டு முகம். நீங்கள் பேனாவை வைத்துவிட்டு, "ஒரு வார்த்தையால ஒரு உயிர்" என்றீர்கள். நான் தலையை ஆட்டினேன்.

ஒருவர் மட்டும் இருந்து நடந்தால் அது கவனக்குறைவு. இரண்டு பேர் இருந்து, இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்தால், அது புரிதல் பிழை. புரிதல் பிழைக்கு யாரையும் தண்டிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அதனால்தான் பிரேமாவதி அங்கே இருக்க வேண்டியிருந்தது. அவருக்கு இதனால் தீங்கு வரும் என்று நான் கணக்கிடவில்லை. அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று வருடமாக அந்த நாற்காலியின் பிரேக்கைப் பற்றி அவர் பேசியதைத் தினமும் கேட்டவன் நான். 'தொற' என்றால் போடுவது, 'அடை' என்றால் எடுப்பது. எங்கள் வீட்டில் வேறு விதமாக யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அந்தச் சனிக்கிழமை காலையிலும் நான் சொன்னதற்கு அவர் புரிந்துகொண்டதுதான் பொருள். 'புடிச்சிருக்கீங்கதானே' என்று அவர் கேட்டதை உங்களிடம் சொன்னார். காதில் விழவில்லை என்று நான் சொன்னேன். விழுந்தது. பதிலும் சொன்னேன்.

பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி சரிவில் நாற்காலி உடனே வேகம் எடுக்காது. முதல் ஆறேழு அடி, ஆள் நடக்கிற வேகம்தான். அது என்னைக் கடந்து போனது. தள்ளும் பிடி என் கைக்கு ஒரு முழத்துக்குள் இருந்தது. ஜானிஸ் சிரித்துக்கொண்டே போனாள். அவளுக்கு ஓடுவது பிடிக்கும்.

நான் கீழே நடந்து போனேன். கரையோரத்தில் ஆழம் நாலரை அடி என்று அளந்து வைத்திருந்தேன். சப்பாத்தைக் கழற்றினேன், காலுறையை உள்ளே மடித்து வைத்தேன், பிறகு இறங்கினேன். பிரேமாவதி கத்திக்கொண்டு ஓடிவந்து என்னைத் தாண்டிக் குதித்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. வாரை அவிழ்த்தது அவர்தான். ஒரு துளை உள்ளே இருந்ததால் அவருடைய நகம் இரண்டு பெயர்ந்தது. உங்கள் புகைப்படத்தில் கரையில் என் சப்பாத்துகள் ஜோடியாக, உலர்ந்து இருக்கின்றன. அந்தப் படத்தை நீங்கள் என்னிடமே காட்டினீர்கள். பிள்ளையை இழந்தவனிடம் சப்பாத்தைப் பற்றிக் கேட்பது உங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். அந்த நிமிடத்தில்தான் நான் மிக அதிகமாகப் பயந்தேன் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடக்கத்துக்கு முந்நூறு பேர் வந்தார்கள். பிரேமாவதி வரவில்லை, வந்தால் பிரச்சினையாகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சங்கத்துப் பெண்கள் சிலர் என் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசினார்கள். "சம்பளத்துக்கு வேலை செய்யுறவளுக்கு என்னா தெரியும்" என்றார்கள். நான் அவர்களை நிறுத்தச் சொல்லவில்லை. திடலுக்கு ஜானிஸின் பெயரை வைக்க முடிவாகியிருக்கிறது. கல்வெட்டின் வரைபடத்தை என்னையே போடச் சொன்னார்கள். போட்டுக்கொடுத்தேன்.

ஆறு மாதமாகிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை மதியம் சுகுமாரன் வந்தார். ஒரு பை லங்சாட் பழம் கொண்டுவந்திருந்தார். வாசலிலேயே நின்றார்.

"உள்ள வரலாங்களாண்ணே?"

"வாங்க தம்பி."

உட்காரவில்லை. "அவ சாப்புடுறது இல்லண்ணே. அடுப்படியில போயி சுவிட்ச பாத்துக்கிட்டே நிக்குறா. அடைன்னா எதுங்க, தொறன்னா எதுங்கன்னு என்னைய கேக்குறா. முப்பது வருசமா பேசுன வார்த்தண்ணே. நான் என்னான்னு சொல்லுவேன்?"

நான் பழப் பையை வாங்கி மேசையில் வைத்தேன்.

"கோர்ட்டுல அவங்க என்னா வேணா சொல்லட்டும். நீங்க ஒரு தடவ வந்து, ஒம்மேல தப்பு இல்லம்மான்னு சொல்லிட்டுப் போனா போதும். நீங்க சொன்னா சாப்புடுவா. அவளுக்கு நீங்கன்னா சாமி மாதிரிண்ணே."

"வரேன் தம்பி" என்றேன்.

அவர் கிளம்பினார். வாசலில் திரும்பிக் கூடத்தை ஒரு தடவை பார்த்தார். எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. விசிறிகளும் ஓடிக்கொண்டிருந்தன, ஜானிஸ் அறையில்கூட.

"பகல்லயே லைட்டெல்லாம் எரியுதுண்ணே. அடச்சிரட்டா?"

கையைச் சுவிட்சுக்குக் கொண்டுபோனார். நான் வேண்டாம் என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் கையை உதறிக்கொண்டு பின்னால் போய்விட்டார். பிறகு தணிந்த குரலில், "சரிண்ணே, எரியட்டும்" என்றார். துக்கம் என்று நினைத்திருப்பார். ஏப்ரலிலிருந்து இந்த வீட்டில் எந்தச் சுவிட்சையும் நான் தொட்டதில்லை. ஒரு குழல்விளக்கு தானாகவே எரிந்து கருகிப்போனது. அது அணைந்த நொடியில் நான் மேசைக்கு அடியில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. மழை நாளில் இடி இடிக்கும்போது காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, சட்டையின் முன்பக்கத்தை நானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிரேமாவதியைப் பார்க்க நான் போகவில்லை. அவர் கதவைத் திறந்தால் அடுத்து என்ன சொல் வரும் என்று பயம். அதனால்தான் எழுதுகிறேன். பிரேமாவதிமீது எந்தத் தவறும் இல்லை. அவர் சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டார், சொன்னதைச் சரியாகச் செய்தார். கட்டையைக் கழற்றியது, வாரை இறுக்கியது, கையை எடுத்தது எல்லாம் நான். ஜானிஸைக் கொன்றது நான். மெர்கோங்கில் அந்தக் கட்டிலில் கிடக்காமல் இருப்பதற்காக, அவள் ஒரு நாளும் பயப்படாமல் இருப்பதற்காகச் செய்தேன்.

இத்தோடு முடிந்தது என்று கையெழுத்துப் போடத்தான் பேனாவை எடுத்தேன். வழக்கம்போல் ஒரு தடவை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். ஒரு திருத்தம் இருக்கிறது.

வரைபடத்தில் தவறான அளவை நாங்கள் அழிக்கமாட்டோம். அதன்மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி போடுவோம். முதலில் என்ன எழுதியிருந்தோம் என்பதும் பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும். ஜானிஸ் சிரித்துக்கொண்டே போனாள் என்று மேலே எழுதியிருக்கிறேன். ஏப்ரலில் உங்களிடமும், பாதிரியாரிடமும், அகத்தாவின் கல்லறையிலும் அதையே சொன்னேன். அந்த வரியின்மேல் கோடு இழுத்துவிட்டேன்.

அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை. என்னைக் கடக்கும்போது தலையைத் திருப்பி என் கைகளைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை. இடது கை என் சட்டையைத் தேடி நீண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "அடைப்பா" என்றாள்.

அந்தச் சொல்லுக்கு அவளிடம் ஒரே பொருள்தான். அய்யாவு அதை இரண்டாம் முறை சொல்ல வைத்ததில்லை. என்னிடம் மூன்று முறை சொன்னாள்.